வடக்கு அறை காலியாகிவிட்டது, சம்பந்தி

தரங்கம்பாடி,
மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை.

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய சீர்காழி சம்பந்தி திரு. குணசேகரன் அவர்கள் சமூகத்துக்கு,

தரங்கம்பாடி குழந்தைராஜ் ஸ்தோத்திரம் கூறி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி சகாயம்மாளும், உப்புக்காற்றில் வாசல் கேட் துருவேறியதைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே தங்கள் முழங்கால் வலி குறைந்து, சம்பந்தியம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் வந்து, மாப்பிள்ளை ஜோஸ்வா வேளைக்குச் சாப்பிட்டு, எல்லோருக்கும் மேலாக என் ஒரே மகளும் தங்கள் மருமகளுமான ஷீபா வயிற்றுப் பிள்ளையோடு சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று தினமும் குடும்ப ஜெபத்தில் பேர் சொல்லிக் கேட்கிறோம். எங்கள் கொஞ்ச நிலத்துத் தாளடி நெல் நல்லபடியாகக் கரையேறியது. வைக்கோலைக்கூட மழை தொடவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தங்களுக்கு ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் யோசிக்கலாம். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் தாங்கள் முடித்துவிடுகிறீர்கள். அது தங்கள் பெருந்தன்மை. ஆனால் இந்த விஷயத்தைத் தொடங்குவதும் முடிப்பதும் நானாக இருக்கவேண்டும் என்பதால் பேனாவை எடுத்தேன்.

விஷயம் என்னவென்றால், ஷீபாவைப் பேறுகாலத்துக்கு இங்கே அழைத்து வரும் தேதியைக் கேட்டு நான் மாப்பிள்ளைக்குப் போன் செய்தபோது, அவர் வெகுநேரம் தொண்டையைச் செருமிவிட்டு, "மாமா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டு வடக்கு ரூம்ல பழைய டிவியும் ஃபிரிட்ஜும்தான் படுத்துக் கெடக்குது, பிள்ளத்தாச்சிப் பொண்ணு எங்க படுக்கும், பிரசவம் இங்கயே ஆகட்டும்னு அப்பா சொல்றாங்க" என்றார். தாங்கள் அப்படிச் சொன்னதில் தப்பே இல்லை. அக்கறையுள்ளவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரத் துப்பில்லாதவன் என்ற பேரை எங்கள் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் வாங்கியதில்லை. ஒரே அறை உள்ள ஓட்டு வீட்டில் இருந்த காலத்தில் என் அப்பா அந்த அறையை என் அக்காளுக்குக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் மாட்டுக் கொட்டகையில் படுத்தார். மாட்டுக்குத்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது, அவர் குறட்டை அப்படி. அந்த வம்சத்தில் வந்த நான், அறை இருந்தும் இடமில்லை என்று பேர் வாங்குவதா?

ஆகவே தங்களுக்கு மகிழ்ச்சியோடு தெரிவிப்பது: வடக்கு அறை காலியாகிவிட்டது. சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஜன்னலுக்குக் கொசுவலை போட்டாயிற்று. வருகிற வியாழக்கிழமை காலை நாங்கள் இருவரும் காரோடு சீர்காழி வருகிறோம். பெண்ணை அனுப்பிவைக்க வேண்டியது. அறை எப்படிக் காலியானது என்பதைப் பற்றித் தங்கள் காதுக்கு வேறு மாதிரிப் பேச்சு வந்திருக்கக்கூடும். தரங்கம்பாடியில் ஒருத்தன் தும்மினால் சீர்காழியில் கஷாயம் வைக்கிற காலம் இது. அதனால் உள்ளபடி நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். அந்த அறையில் இருந்தது குப்பை இல்லை. இந்தத் தெருவில் முதல்முதலாக வந்த கலர் டிவி, மரக்கதவு வைத்து, ராஜா வீட்டு அலமாரி போல இருக்கும், அது என்னுடையது. கிரிக்கெட் நடக்கும் நாளில் என் வீட்டு வாசலில் செருப்பு தேடவே அரைமணி நேரம் ஆகும். அதற்குப் பக்கத்தில் வீடியோ டெக், அதன்மேல் ஸ்டெபிலைசர், பிறகு அரசாங்கம் கொடுத்த டிவி ஒன்று, என் தம்பி வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்து அவன் என்னிடம் கொடுத்த டிவி ஒன்று, மேலே மட்டும் குளிரும் ஃபிரிட்ஜ், பிறகு மேலேயும் குளிராமல் போன அதே ஃபிரிட்ஜ், கிரைண்டர்கள், மிக்சிகள், ஷீபா காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர், அதன் மானிட்டரைத் தூக்க ரெண்டு ஆள் வேணும், இன்வெர்ட்டர் பேட்டரி, ஒரு மூட்டை ரிமோட்டு. எந்த ரிமோட்டு எதற்கு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வுபெற்றவன் நான். ஒரு மின்சாரச் சாமான் செத்துப்போச்சு என்று என் வாயால் எப்படிச் சொல்வது? அது ஓய்வில் இருக்கிறது, அவ்வளவுதான். நானும்தான் ஓய்வில் இருக்கிறேன், என்னை யாராவது எடைக்குப் போட்டார்களா என்று சகாயத்திடம் கேட்டேன். "கேட்டுப் பாத்தேன், எடுக்க மாட்டேங்கறான்" என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம், தங்களுக்குத் தெரியாததல்ல.

தங்கள் வார்த்தை காதில் விழுந்த மறுநாளே நான் வேலையில் இறங்கிவிட்டேன். தங்கையன் என்று ஒரு பழைய சாமான் வியாபாரி, குட்டியானை வண்டியில் மைக் கட்டிக்கொண்டு, "ஓடாத டிவி, ஓடாத ஃபிரிட்ஜ், ஓடாத மிக்சி, ஓடாத கிரைண்டர்" என்று தெருத்தெருவாக வருவான். ஊரறிய அப்படி ஒவ்வொன்றுக்கும் ஓடாத ஓடாத என்று சொல்வது எனக்கு எப்போதுமே பிடிக்காது. இருந்தாலும் மகளுக்காக வண்டியை நிறுத்தினேன். மரியாதையாக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்து, ஒவ்வொரு சாமானும் எப்படி வந்தது, யார் யார் வந்து பார்த்தார்கள் என்று விவரமாகச் சொன்னேன். அவனும் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்து எழுந்து, ஒரு கொக்கித் தராசை எடுத்து என் மரக்கதவு டிவியின் கழுத்தில் மாட்டினான் சம்பந்தி. மாட்டி, மீன் தூக்குகிற மாதிரி தூக்கிப் பார்த்து, "இதுல உள்ள இருக்கற செம்புதாங்க ஐயா சரக்கு, மத்ததெல்லாம் சும்மா பாரம்" என்கிறான். கண்ணாடிக் குழாயை என்ன செய்வாய் என்று கேட்டேன். "போற வழியில ஆத்தங்கரையில ஒடைச்சுக் கொட்டிட்டுப் போயிருவேங்க" என்றான். எனக்கு வந்ததே கோபம். நாங்கள் கடைமடைக்காரர்கள். தண்ணீர் எங்களுக்குக் கடைசியாகவும் குப்பை முதலாவதாகவும் வந்து சேரும். மேலே உள்ள ஊர்க்காரர்கள் ஆற்றில் போட்டதெல்லாம் எங்கள் வயலில் வந்துதான் கரையேறுகிறது, அதில் என் டிவியும் சேர வேண்டுமா? "தம்பி, டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பு" என்றேன். அவன் குடித்துவிட்டானாம். கிளம்பினான். பின்னாலேயே போய் மைக்கில் ஓடாத என்பதை மட்டுமாவது எடுத்துவிடு என்று சொன்னேன். அது பதிவு செய்ததுங்க, எடுக்க முடியாது என்றான்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. இது என் யோசனைதான், வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நெல்லும் பூசணிக்காயும் வாழைத்தாரும் சேவலும் கொண்டுவந்து காணிக்கை வைத்து, மத்தியானம் சபை வளாகத்தில் ஏலம் போடுகிறார்களே, அங்கே இந்தச் சாமான்களை வைத்தால் என்ன? உடைக்கிறவன் கையில் போகாது. நல்ல குடும்பத்துக்கு, ஜெபம் பண்ணின கையோடு, மேளதாளம் இல்லாத குறையாகப் போய்ச் சேரும். அறையும் காலி, சபைக்கும் வருமானம், சாமானுக்கும் மரியாதை. இதைச் சொன்னபோது சகாயம் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். அது வியப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுபோகிற பொருளைச் சோதிக்காமல் கொண்டுபோகலாமா? ஊனமுள்ள ஆட்டைப் பலிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம், எக்ஸ்டென்ஷன் பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்து, அத்தனை சாமானுக்கும் ஒரே நேரத்தில் உயிர் கொடுத்துப் பார்த்தேன். தனித்தனியாகப் பார்த்திருக்கலாம் என்று மற்றவர்கள் இப்போது சொல்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் ஃபோர்மேன் ஆனார்களா? சுவிட்சைப் போட்டேன். ஃபிரிட்ஜ் ஒருதரம் முனகியது, அதை என் காதால் கேட்டேன். முனகியது நீங்கள்தான் என்று சகாயம் சொல்கிறாள். அதற்குள் எங்கள் தெரு, பக்கத்துத் தெரு, பண்டிகைப் பாட்டு பழகிக்கொண்டிருந்த பாடகர் குழுவோடு சேர்த்துச் சபை, எல்லாம் இருண்டுவிட்டது. பாட்டு பாதியில் நின்றது எனக்கு இங்கிருந்தே கேட்டது. கொஞ்ச நேரத்தில் லைன்மேன் பையன் ஏணியோடு வந்தான். என்னிடம் வேலை பழகினவன். "சார், லோடு எங்கேருந்து இழுக்குதுன்னு தேடிக்கிட்டே வந்தேன். உங்க வீட்ட பாத்ததும் பேசாம திரும்பிப் போயிடலாம்னு நெனச்சேன்" என்றான். எத்தனை வருஷம் ஆனாலும் அந்தப் பயபக்தி இருக்கிறது பாருங்கள்.

மறுநாள் காலை செந்தில்குமார் வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றினோம். செந்தில்குமார் எங்கள் சபைக்காரன் இல்லை, கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். ஆனால் அவனுடைய தொண்டைக்கு ஈடாக எங்கள் சபையில் ஒரு தொண்டையும் இல்லாததால் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் அவனே கூறுவான், விபூதி பூசிக்கொண்டு வந்து ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்குவான். சாமான்களைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு ரிப்பன் கட்டி, குழந்தைராஜ் சகாயம்மாள் குடும்பத்தாரின் காணிக்கை என்று அட்டை எழுதி மாட்டி, நெற்கதிருக்கும் பூசணிக்காய்க்கும் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். வேறு யார் காணிக்கையும் அவ்வளவு உயரத்துக்கு இல்லை. போதகர் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "ஐயா, இது அறுப்பின் பண்டிகைங்க. இதெல்லாம் நீங்க அறுத்ததா?" என்று மெதுவாகக் கேட்டார். "வருஷம் வருஷமா எங்க வீட்ல வெளஞ்சதுங்க ஐயா" என்றேன். அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஏலத்தைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எலுமிச்சம்பழம் ஆட்டு விலைக்குப் போகிற இடம் அது. அவரவர் குடும்பத்துக் காணிக்கை குறைந்த ஏலக் கேள்விக்குப் போவதை எவனும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான், கூட ஏற்றிவிட்டுத்தான் உட்காருவான். போன வருஷம் தங்கள் சபையில் தாங்கள் ஒரு பூசணிக்காயை விட்டுக்கொடுக்காமல் எடுத்ததை நான் மறக்கவில்லை. அதற்காகத்தான் தங்கள்மேல் எனக்கு மரியாதையே வந்தது. எங்கள் சபையில் மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏலம் ஆரம்பித்தது. காயும் பழமும் சேவலும் போனபிறகு செந்தில்குமார் என் ஸ்டெபிலைசரைத் தூக்கிப் பிடித்து, "பெரியவர் வீட்டு ஸ்டெபிலைசர், வெள்ளி மாதிரி மின்னுது பாருங்க" என்று, வஞ்சிரத்துக்குக் கொடுக்கிற குரலை அதற்குக் கொடுத்தான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இன்னொருதரம் கூவினான். காக்காய்ச் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அமிர்தம் டீச்சர், ஷீபாவுக்கு அஞ்சாம் வகுப்பு எடுத்தவர், பரிதாபப்பட்டு "பத்து ரூபா" என்றார்.

பத்து ரூபாய். பக்கத்தில் ஒரு கட்டுக் கீரை அதைவிடக் கூடுதலாகப் போயிருந்தது. என் பேர் எழுதின அட்டை அதில் தொங்குகிறது, சபையே பார்க்கிறது. என் கை தானாக மேலே போனது சம்பந்தி, நான் தூக்கவில்லை. சகாயம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் இன்னொரு கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். செந்தில்குமார் கெட்டிக்காரன், அதற்கப்புறம் ஜனங்கள் பக்கம் திரும்பவே இல்லை, என் முகத்தை மட்டும் பார்த்தே கூவினான். டெக் வந்தது, எவனோ ஒருத்தன் கேலியாக ஒரு கேள்வி வைத்தான், நான் எடுத்தேன். கிரைண்டர் வந்தது, எடுத்தேன். மரக்கதவு டிவி வந்தபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஃபிரிட்ஜை மட்டும் பொறையார்க்காரர் ஒருவர் என்னைத் தாண்டிக் கேட்டு எடுத்துவிட்டார். அப்பாடா, ஒன்றாவது ஒழிந்தது, நல்ல இடத்துக்குப் போகிறது என்று மூச்சு விட்டேன். அந்த மனுஷன் எழுந்து கைகூப்பி, "இத சபைக்கே திருப்பிக் காணிக்கையா கொடுக்கறேன், மறுபடி ஏலம் விடுங்க" என்று சொல்லிவிட்டார். பக்தியான ஆள். மறுபடி ஏலம் விட்டார்கள். இந்தத் தடவை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை. அப்படியும் பொறையார்க்காரர் வைத்த கேள்விக்கு மேலேதான் கேட்டேன், என் கேள்விக்கு மேல் நானே இன்னொரு கேள்வியும் வைத்தேன். தொகையை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் பெருமை பேசுகிறமாதிரி இருக்கும், சகாயமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாதாரண ஏலம். நடுவில் டீக்கு விட்டார்கள். அந்த டீ நேரத்தில் சபை ஜனம் பாதிப்பேரைக் காணோம். எங்கே போனார்கள் என்று பார்த்தால், ஒருத்தர் தோளில் டிவியோடு வருகிறார், ஒருத்தர் சைக்கிள் கேரியரில் மானிட்டரைக் கட்டிக்கொண்டு வருகிறார், ரெண்டு பேர் ஒரு வாஷிங் மெஷினைப் பிணம் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "பெரியவர் எடுக்கறாராம், கொண்டா கொண்டா" என்று வாசலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. ஊரில் ஒரு மனுஷனுக்கு மின்சாரச் சாமானின் அருமை தெரியும் என்று இத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். அமிர்தம் டீச்சர், காலமான தன் வீட்டுக்காரருடைய டேப் ரிக்கார்டரை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து மேசையில் வைத்தார். இப்போது நான் என்ன செய்வேன் சொல்லுங்க. தன் வீட்டுச் சாமான் என்றால் கை தூக்கினான், அடுத்தவன் வீட்டுச் சாமான் என்றால் கையைக் கட்டிக்கிட்டான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வராதா? எல்லாவற்றையும் நானே எடுத்தேன். வாஷிங் மெஷினுக்கு மட்டும் கை வலித்துவிட்டது, தலையை ஆட்டினேன்.

சபையில் இதுவரை எந்த அறுப்பின் பண்டிகைக்கும் அவ்வளவு சேர்ந்ததில்லை என்று போதகர் மைக்கில் அறிவித்தார். ஜனங்கள் கைதட்டினார்கள். பிறகு அவர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, என் மகள் ஷீபா பேர் சொல்லி, அவளுக்கு நல்லபடியாகப் பிரசவமாக வேண்டும், அவள் தாய்வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று ஜெபம் பண்ணினார். மொத்தச் சபையும் ஆமென் என்றது. விபூதியோடு நின்ற செந்தில்குமார்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னான். நான் அழுதுவிட்டேன் சம்பந்தி. கண்ணில் தூசி என்று எழுதலாம், எழுத மாட்டேன். அழுதேன்.

போனது ஒரு வண்டி. வந்தது ஒன்றரை வண்டி. அதைத்தான் தங்களிடம் யாராவது வந்து சிரித்துச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். சாமான்கள் வாசலில் இறங்கியபோது நான் வடக்கு அறை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். ஒரு ரிமோட்டைக்கூட உள்ளே விடவில்லை. எங்கள் படுக்கையறையில், தரையிலிருந்து மேலே காற்றாடி இறக்கை வரைக்கும் அடுக்கினோம். கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து போட்டோம். சகாயம் படுக்கையறைக் கதவில் சாய்ந்து நின்று, "கல்யாணம் பண்ணி வந்த நாள்லேருந்து இந்த ஒரு ரூமுதான் எனக்குன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு அவளே, "சரி, பிள்ள வந்து காத்தோட்டமா படுக்கட்டும். நாம எங்க கெடந்தா என்ன" என்று சொல்லிவிட்டு, வடக்கு அறையைக் கூட்டப் போனாள். ஏற்கெனவே ரெண்டுதரம் கூட்டிய அறை.

இவ்வளவும் நான் எழுதுவது எதற்காக என்றால், எங்களிடம் இடம் இருக்கிறது. பொறையாரில் ஆஸ்பத்திரி பக்கம், பெண் டாக்டர் இருக்கிறார், பேசியும் வைத்துவிட்டோம். தங்கள் வீட்டில் ஷீபாவுக்கு ஒரு குறையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சம்பந்தியம்மா அவளைத் தரையில் கால்பட விடுவதில்லை என்று அவளே சொல்கிறாள். ஆனால் அவளுக்கு வலி எடுக்கிற நேரத்தில் நான் சீர்காழி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தால், நான் இருந்து என்ன புண்ணியம்? பக்கத்து அறையில் அவள் புரண்டு படுத்தால் எனக்குக் கேட்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. இதைத் தங்களிடம் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகினவன் இல்லை. இதை மட்டும் கேட்கிறேன். வியாழக்கிழமை அனுப்பிவையுங்கள்.

தங்கள் குடும்பத்தில் அடுப்பும் விளக்கும் அணையாமல், வயலும் வயிறும் வாடாமல், கர்த்தர் கூட இருந்து நடத்தும்படி வேண்டிக்கொண்டு, சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவருடைய ஸ்தோத்திரமும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதமும் கூறி நிறுத்துகிறேன்.

தங்கள் மரியாதையுள்ள சம்பந்தி,
அ. குழந்தைராஜ்,
ஃபோர்மேன் (ஓய்வு).

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குப் பசையைத் தேடிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். பின்னாலேயே ஷீபா இறங்கினாள். "மாமாவே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்கப்பா" என்றாள். அதற்குள் காருக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டியானை வண்டி ரிவர்ஸில் என் வாசலுக்கு வந்தது. அதில் தங்கள் பெரிய முதுகு டிவி, தங்கள் ஏசி, சுற்றாத தங்கள் வாஷிங் மெஷின், ரெண்டு இன்வெர்ட்டர், பேர் தெரியாத ஸ்பீக்கர்கள். மாப்பிள்ளை தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாடி ரூம் எப்பவும் பூட்டியே இருக்கும்பா, இன்னிக்குத்தான் தொறந்தாங்க" என்றாள் ஷீபா. வண்டிக்காரர், "ஏல விஷயம் கேள்விப்பட்டாங்களாம். இதோட அருமை தெரிஞ்சவரு தரங்கம்பாடி சம்பந்திதான், அவருகிட்டயே இருக்கட்டும்னு ஐயா சொல்லி அனுப்பினாங்க" என்றார். சம்பந்தி வீட்டுச் சாமானை வாசலோடு திருப்பி அனுப்புகிற குடும்பம் இல்லை எங்களுடையது. காலியாக இருந்தது வடக்கு அறை ஒன்றுதான் என்பதால் அங்கே இறக்கினோம், நிறைந்துவிட்டது. ஆகவே மேலே நான் எழுதியதில் அறை காலி என்பதையும் வியாழக்கிழமை கார் என்பதையும் அடித்துவிட்டுப் படிக்கவும். ஷீபா ஹாலில் எங்கள் கட்டிலில் உட்கார்ந்து அவள் அம்மா கையால் மத்திமீன் குழம்பு சாப்பிடுகிறாள். இன்றைக்கு நாங்கள் இருவரும் தாழ்வாரத்தில்.

தங்கள் டிவியில் ஒன்றும் இல்லை, ப்ளக்குக்குள்ளே ஒரு கம்பி விட்டிருந்தது. மாட்டினேன், ஓடுகிறது, படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கொடுத்ததைத் தாங்கள் திருப்பிக் கேட்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். பேரப்பிள்ளையையும் அந்த டிவியையும் பார்க்கவேண்டும் என்றால் இனிமேல் தாங்கள்தான் தரங்கம்பாடிக்கு வரவேண்டியிருக்கும்.